வீட்டில் நூல் வாசிக்கும் குழந்தை: முசலிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில கருத்துக்கள்

எந்த வயதுக் குழந்தை எத்தகைய நூலை விரும்பி வாசிக்கும் என்னும் வினாவுக்கு உளவியலாளர் வளர்ச்சிப் படிநிலைகளைக் கொண்டு விடை கூறுவர். அவ்விடை தேவையானது, ஆயினும் போதுமானதன்று. ஒரு குழந்தை எந்த நூலில் இன்பம் காணக்கூடும் என்பதை வயது காட்டுகிறது. அந்நூல் அக்குழந்தையின் கைக்கு வந்து சேருமா என்பதைத் தீர்மானிப்பவை வீடும் அவ்வீடு நிற்கும் சமூகமுமே. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதற்கு மன்னார் மாவட்டத்து முசலிப் பிரதேசம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அருவியாறு கடலோடு கலக்குமிடத்திலிருந்து தெற்கே வில்பத்துக் காடுவரை நீளும் கரையும் அதனையடுத்த வயல்நிலமும் முசலியாகும். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி முதலான ஊர்களில் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் மீன்பிடியையும் வேளாண்மையையும் தொழிலாகக் கொண்டு வாழ்கின்றனர். ஒரு காலத்தில் முத்துக்குளிப்பினால் உலகறிந்த கரை இது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றியபோது முசலி முஸ்லிம்களும் தம் ஊர்களை இழந்தனர். பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். கத்தோலிக்க மீனவரும் போர்க்காலத்தில் இடம்பெயர்வுக்கு ஆளாயினர்; முள்ளிக்குளம் மக்கள் 2007இல் தம் கிராமத்தை விட்டு நீங்க வேண்டியதாயிற்று. 2009இல் போர் முடிந்தபின் மீள்குடியேற்றம் தொடங்கியது. ஆகவே இன்று முசலியிற் பள்ளி செல்லும் முஸ்லிம் குழந்தையின் பாட்டிக்கு ஊர் நினைவு உண்டு; தாய்க்கோ முகாம் நினைவே மிகுதி. வீட்டுவாசிப்பு என்பது தலைமுறைகளுக்கிடையே கைமாறும் ஒரு பழக்கமாதலின், இம்முறிவு மனங்கொள்ளற்பாலது.

முறிவுக்கு முன்னர் இப்பகுதி வீடுகள் நூலற்ற வீடுகளாக இருந்தன என எண்ணுதல் தவறு. தமிழ் முஸ்லிம் வீடுகளில் சீறாப்புராணமும் அரபுத்தமிழ் நூல்களும் உரத்து ஓதப்பட்டன. எழுத்தறியாதவரும் செவியால் அவற்றை அறிந்தனர். மன்னார்க் கத்தோலிக்கரிடையே கூத்து ஏடுகள் குடும்பச் சொத்தாகப் பேணப்பட்டன. அவற்றுட் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்தமை நாமறிந்ததே. இவை குழந்தைகளுக்கென எழுதப்பட்டவையல்ல. எனினும், நூல் என்பது பலர் கூடியிருந்து கேட்கும் குரல் என்னும் உணர்வைக் குழந்தைக்கு ஊட்டின. நூலின்பத்தின் முதற்படி இதுவேயாகும்.

மூன்று முதல் ஐந்து வயதுவரையான குழந்தைக்கு வாசிப்பு என்பது கேட்டலே. ஓசையும், திரும்பத் திரும்ப வரும் சொற்றொடரும், பெரிய படமும் அதனை ஈர்க்கின்றன. ஒரே நூலை நூறு முறை வாசிக்குமாறு அது கேட்பது பிடிவாதத்தினாலன்று. அடுத்து வருவதை முன்னரே கூறிவிடும் வெற்றி அதற்கு வேண்டும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாடல்கள் இன்றும் நிலைத்திருப்பது அவற்றின் ஓசையினாலாகும். ஆடிக்கூழ் அருந்தியறியாத சிலாவத்துறைக் குழந்தையும் அவற்றில் மகிழும். ஆயினும் பெருநாளும் வலையிழுப்பும் தோணியும் அதே ஓசையோடு அச்சில் வரும்போதுதான் தன் வீடும் நூலுக்குரியது என்பதை அக்குழந்தை உணரும்.

ஆறு முதல் எட்டு வயதில் குழந்தை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்குகிறது. பக்கத்துக்கு ஓரிரு வரிகளும், வரி கூறாததைக் கூறும் படமும் இப்பருவத்துக்கு ஏற்றவை. இங்கு தமிழுக்கேயுரிய சிக்கலொன்று உண்டு. பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் வேறுபடுவதனால், குழந்தை தன் தாய்மொழியையே இரண்டாம் முறை கற்கவேண்டியுள்ளது. வாப்பா, உம்மா, ராத்தா, காக்கா எனப் பேசும் குழந்தைக்கு அச்சிலுள்ள அப்பாவும் அக்காவும் அயலாராகத் தோன்றுதல் இயல்பு. அருகிலிருந்து வாசிக்கும் பெரியவர் எழுத்துநடையை வாசித்துவிட்டு வீட்டுமொழியில் விளக்கும்போது இத்தடை எளிதில் நீங்குகிறது. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்கு ஓராசிரியர் செய்யவியலாத இப்பணியை வீட்டில் ஒரு மூத்த சகோதரி செய்துவிடலாம்.

ஒன்பது முதல் பதினொரு வயது பேரார்வத்தின் பருவம். நீண்ட கதை, துணிகரச் செயல், விலங்கு, மர்மம், நகைச்சுவை ஆகியவற்றைக் குழந்தை தனித்திருந்து விழுங்கும். 1947இல் தொடங்கி இன்று நின்றுபோன அம்புலிமாமாவின் வேதாளக் கதைகள் ஒவ்வொன்றும் ஒரு வினாவோடு முடிந்தன. மன்னன் விடை கூறுமுன் வாசிக்கும் சிறுவன் தன் விடையைக் கூறிப்பார்த்தான். 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் போன்ற சித்திரக்கதைகளைப் பெரியோர் இகழ்ந்தனர். ஆயினும் மௌனமாக, இடைவிடாது வாசிக்கும் பழக்கத்தைப் பலருக்கு அவையே தந்தன. இலங்கையில் இப்பருவத்தின் நடுவேதான் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வந்து நிற்கிறது. தானாக வாசிக்க விழையும் பிள்ளையின் கையில் மாதிரி வினாத்தாள் திணிக்கப்படுகிறது. வறிய பெற்றோரை இதற்காகக் குறைகூறல் நியாயமன்று. நல்ல பாடசாலைக்குச் செல்ல அவர்களுக்குத் தெரிந்த வாயில் அதுவொன்றே.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் பிறர் வாழ்க்கையினூடாகத் தம்மை அறிய முனைகின்றனர். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய மடொல் தூவ, தென்னிலங்கைக் களப்பிலுள்ள தீவொன்றில் தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்ளும் இரு சிறுவரின் கதை. தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ள அந்நூலை முசலிக் கடற்கரைச் சிறுவன் எளிதில் தனதாக்கிக்கொள்வான். கடலும் களப்பும் மதமும் மொழியும் கடந்த உறவை ஏற்படுத்துகின்றன. தம்மூர் ஏன் வெறிச்சோடிக் கிடந்தது என்ற வினாவும் இவ்வயதிலேதான் எழும். அதற்கு வெறுப்பின்றி, உண்மையை மறைக்காமல் விடை கூறும் நூல்கள் இவர்களுக்கு வேண்டும்.

இனி, நூல் வீட்டை அடையும் வழியை நோக்குவோம். 1980 முதல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகிறது. இது போற்றத்தக்க சமூகநலச் சாதனை. ஆயின் பல வீடுகளில் பாடநூலே ஒரே நூலாக இருப்பதனால், நூல் என்றால் பரீட்சை என்னும் சமன்பாடு குழந்தை மனத்தில் பதிந்துவிடுகிறது. 27 நாடுகளில் 70,000க்கு மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வொன்று, வீட்டிலுள்ள நூல்களின் தொகை பிள்ளைகள் கல்வி பெறும் ஆண்டுகளோடு நெருங்கிய தொடர்புடையது எனக் கண்டது. இருபது நூல்கள் இருப்பினும் பயன் உண்டு. கல்வியறிவு குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கே அப்பயன் மிகுதி. எனவே முசலி போன்ற பிரதேசத்தில் வீட்டு நூல் ஆடம்பரமன்று, சமத்துவத்துக்கான கருவியாகும்.

நம் சிறுவர் நூல்கள் பெரும்பாலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உருவாகின்றன. 2005 முதல் இலங்கையிற் செயற்படும் ரூம் டு ரீட் நிறுவனம் சிங்களத்திலும் தமிழிலும் படநூல்களை வெளியிட்டுப் பாடசாலை நூலகங்களையும் அமைத்துள்ளது. அத்தகைய நூல்கள் அலுமாரியிற் பூட்டப்படாது, தொலைந்தால் தண்டம் என்னும் அச்சமின்றி வீட்டுக்குச் செல்லவேண்டும். கிழிந்த நூல் வாசிக்கப்பட்ட நூலே என ஆசிரியர் கருதவேண்டும். சிபில் வெத்தசிங்க ஒரு சிங்களக் கிராமத்தையும் அங்கு காணாமற்போகும் குடைகளையும் கொண்டு 1956இல் ஆக்கிய படநூல் யப்பான்வரை சென்றது. ஆவுளியாவும் பூநாரையும் பெருக்கமரமும் முத்துச் சிப்பியும் உள்ள மன்னார்க் கரையிலும் அத்தகைய கதைகளுக்குக் குறைவில்லை.

அவற்றை அறிந்த பாட்டன் பாட்டியர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கூறும் கதைகளை வீட்டுமொழியிலேயே பதிவுசெய்து, வயதுக்கேற்பப் பகுத்து, மலிவான சிறு நூல்களாக்கி வீடுகளுக்கு அனுப்புதல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் மேற்கொள்ளத்தக்க களப்பணியாகும். முகாம் வாழ்வு அறுத்த இழை மீண்டும் இணைவதற்கு அப்பாட்டியின் குரல் தேவை. அது என்றும் காத்திருக்காது.