டைட்டானியம் சைக்கிள் பிரேமில் கீறல்: கேட்டு வருபவருக்கு எதைக் கொடுப்பது?

சைக்கிள் உதிரிபாகக் கடையும் ஹார்டுவேர் கடையும் நடத்தும் நம் சங்க உறுப்பினர்கள் சிலர் அண்மைக் காலமாக எங்களிடம் ஒரு விஷயம் விசாரிக்கிறார்கள். பெயிண்ட் இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருக்கும் வெளிநாட்டு சைக்கிளோடு ஒருவர் வருகிறார். கீறல் விழுந்துவிட்டது, தேய்க்க ஏதாவது கொடுங்கள் என்கிறார். எதைக் கொடுப்பது? அது டைட்டானியம் பிரேம். பிரேம் மட்டுமே லட்ச ரூபாயைத் தாண்டும். நாம் எடுத்துக் கொடுப்பதோ சில பத்து ரூபாய்ச் சரக்கு. அது தவறான சரக்காக இருந்தால் அவர் பொருளும் கெடும், நம் கடைப் பெயரும் கெடும். ஆகவே எங்களுக்குத் தெரிந்த அளவில் இதை எழுதுகிறோம்.

டைட்டானியம் நமக்கு முற்றிலும் அந்நியமான சரக்கல்ல. அதன் தாதுவான இல்மனைட்டை நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள். இரும்பின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். துருப்பிடிக்காது. சைக்கிள் குழாய்க்குப் பெரும்பாலும் 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலவையைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் லைட்ஸ்பீட் போன்ற கம்பெனிகள் 1980களிலிருந்து இத்தகைய பிரேம் செய்து வருகின்றன. ஸ்டிக்கரில் 'டிஐ' என்று இருந்தால் நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த டி.ஐ. என்பது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். இது உலோகத்தின் குறியீடு.

துருப்பிடிக்காத உலோகம் என்பதால் பலர் இதற்குப் பெயிண்டோ வார்னிஷோ பூசுவதில்லை. 'பிரஷ்டு பினிஷ்' என்கிறார்களே, அது பூச்சே அல்ல. உலோகத்தின் மேலேயே ஒரே திசையில் போட்ட மெல்லிய கோடுகள்தான். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் வெளிச்சம் அதில் மட்டும் வேறு மாதிரி பட்டுக் கண்ணை உறுத்துகிறது. அதே திசையில் மறுபடி கோடு போட்டால் கீறல் அவற்றோடு கலந்துவிடும். பெயிண்ட் அடித்த பிரேமுக்கு இல்லாத வசதி இது.

இதற்கு வேண்டியது மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட் பேட். கார் பெயிண்டிங் பட்டறைக்காரர்கள் நம்மிடம் வழக்கமாக வாங்குவதுதான். முதலில் பிரேமைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். தின்னர் ஸ்டிக்கரைக் கரைத்துவிடும் என்பதால் அது வேண்டாம். ஸ்டிக்கர் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடலாம். பிறகு கீறல் படாத ஓர் இடத்தில் பழைய கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உற்றுப் பார்க்க வேண்டும். சில பிரேமில் குழாயின் நீளவாக்கில் ஓடும். சிலவற்றில் குழாயைச் சுற்றி ஓடும். சுற்றி ஓடினால் பேடை நீளமாக வெட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவர் துணியை இழுப்பதுபோல் இழுக்கலாம். பெடல் அச்சுக்கு அடியில் யார் கண்ணிலும் படாத இடத்தில் முதலில் தேய்த்துப் பார்ப்பது நல்லது. அழுத்த வேண்டாம். கீறல் உள்ள இடத்தை மட்டும் தேய்த்தால் அது தனித் திட்டாகத் தெரியும். வெல்டிங் முதல் வெல்டிங் வரை அந்தக் குழாய் முழுவதையும் தேய்த்தால்தான் சீராக வரும். கீறல் சற்று ஆழமானால் முதலில் 320, பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிட்டுப் பேடுக்கு வரலாம்.

கொடுக்கக் கூடாதவற்றில் முதலாவது ஸ்டீல் உல். அடுத்தது இரும்புக் கம்பி பிரஷ். இரும்புத் துகள் டைட்டானியத்தில் பதிந்து, சில நாளில் அங்கங்கே துருப் புள்ளி தெரியும். துருப்பிடிப்பது பதிந்த இரும்புதான். ஆனால் உங்கள் கடைச் சரக்கால் பிரேம் துருப்பிடித்தது என்றுதான் வாடிக்கையாளர் சொல்வார். இதே காரணத்தால் இரும்பில் ஏற்கெனவே தேய்த்த பேடும் ஆகாது. அவசரத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் உதவும். ஆனால் இரும்புக் கடாய் தேய்த்த நாராக இருக்கக் கூடாது. கிரைண்டரை வைத்தால் சூட்டில் உலோகம் மஞ்சளாகவும் நீலமாகவும் நிறம் மாறும். அதன் தூள் சேர்ந்தால் தீப்பிடிக்கவும் செய்யும்; அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணலைத்தான் கொட்ட வேண்டும்.

எல்லா டைட்டானியம் பிரேமுக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. கண்ணாடி மணித்தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து மங்கலாக்கிய பிரேமில் கோடே இருக்காது. அதில் பேட் வைத்தால் பளபளவென்று ஒரு தடம் விழும்; மறுபடி மணித்தூள் அடித்துத்தான் சரிசெய்ய முடியும். அனோடைஸ் செய்த நீலம், பொன்னிறம் இருந்தாலும் தேய்க்கக் கூடாது, நிறம் போய்விடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், வந்திருப்பது கீறல்தானா என்று பார்ப்பது. நகத்தில் தட்டும்படி ஆழமான வெட்டாக இருந்தாலோ, வெல்டிங் ஓரத்தில் மயிரிழைபோல் கோடு தெரிந்தாலோ எதையும் விற்காதீர்கள். பல பிரேம்களில் குழாயின் கனம் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. வெட்டு விழுந்த இடத்திலிருந்து விரிசல் ஓடும். தேய்த்து மறைத்துவிட்டால் அது பிறகு யார் கண்ணுக்கும் படாது. ஓட்டுகிறவரோ அதன் மேல்தான் உட்கார்ந்திருப்பார். பிரேம் செய்த கம்பெனிக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பனை ஒன்று போனால் போகட்டும்.

தேய்த்து முடித்த பிரேமில் கைரேகை பளிச்சென்று தெரியும். துணியில் கொஞ்சம் பர்னிச்சர் பாலிஷ் தொட்டுத் துடைத்தால் போதும். நேராக ஸ்பிரே அடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பிரேக் டிஸ்கிலோ ரிம்மிலோ பட்டால் பிரேக் பிடிக்காது.