ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு

மூன்றாம் வகுப்புப் பையன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். எங்கேயும் தடங்கல் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம். பக்கத்தில் இருந்த படத்தை உள்ளங்கையால் மறைத்தேன். குரல் நின்றுவிட்டது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்னப்பா?" என்றேன். முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

"காதுல விழுந்ததைச் சொல்றான் சார். எழுத்துக் கூட்ட வரலை" என்றார் டீச்சர். சொல்லும்போது அவர் கண் என் மேல் இல்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இருவர் ஒரே சிலேட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள், அங்கே இருந்தது.

வட மாவட்டம் ஒன்றில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. பிள்ளைகள் 23. வகுப்பு ஐந்து. ஆசிரியர் இரண்டு பேர். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். ஒன்று, இரண்டு, மூன்று இந்த டீச்சரிடம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று கேட்டால் டீக்கடையில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். 'வாத்தியாருக்கு அக்கறை இல்லை' என்பார் ஒருவர். 'வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை' என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. பசி என்று மட்டும் இனிமேல் சொல்ல முடியாது. மதியச் சாப்பாடு பழைய கதை. 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலைச் சிற்றுண்டியும் உண்டு. வயிறு நிறைந்த பிள்ளை எழுத்துக் கூட்டாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால், பள்ளிக்குள் எதன் பற்றாக்குறை என்று பார்க்க வேண்டாமா?

இது ஒரு பள்ளியின் கதை அல்ல. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கையில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் ஏசர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் அதைப் படித்தவர்கள் 2018-ல் 44.2 சதவீதம். கொரோனாவுக்குப் பின் 2022-ல் 38.5. 2024-ல் 44.8. விழுந்து எழுந்தும் பாதியைத் தொடவில்லை.

பற்றாக்குறை எதில் என்றால், நேரத்தில். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது. அதே சட்டம், 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்றும் சொல்கிறது. 23 பிள்ளைக்கு இரண்டு பேர் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு பிள்ளைகூட இல்லை. எந்தத் தனியார் பள்ளியில் இந்தச் சொகுசு உண்டு?

ஆனால் தலையை எண்ணாமல் வகுப்பை எண்ணிப் பாருங்கள். டீச்சரின் 800 மணியை மூன்று வகுப்பு பங்கு போட்டால், ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 267 மணி. நான்குக்கும் ஐந்துக்கும் தலா 400. எழுத்தும் எண்ணும் ஊன்ற வேண்டிய வயதுக்குத்தான் பங்கு குறைவு. தலைமையாசிரியர் ஒரு கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் டீச்சர் தலையில். அன்றைக்குப் பாடம் என்று ஒன்று கிடையாது. பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் சரி.

'வகுப்புகளைச் சேர்த்து வைத்தே நன்றாக நடத்தலாமே' என்று கல்வியாளர்கள் சொல்வதுண்டு. செயல்வழிக் கற்றல் அப்படி வந்ததுதான். ரிஷி வேலி கல்வி மையத்தின் சின்னக் கிராமப் பள்ளிகளில் பிறந்த முறை அது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, பிறகு மாநிலமெங்கும் பரவியது. பிள்ளை தானே அட்டையை எடுக்கும், கற்றல் ஏணியில் படிப்படியாக ஏறும், டீச்சர் தரையில் கூடவே உட்கார்ந்திருப்பார். அந்த உட்காருதல்தான் அதன் உயிர். இப்போது நடப்பது 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று தரம் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் எத்தனை கூட்டமாகப் பிரித்தாலும் அந்த அறையில் டீச்சர் ஒருவர்தான்!

இதற்கு நடுவில்தான் செல்போன். நான் போன அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு டீச்சர் வேப்பமரத்தடிக்கு நடந்தார். வகுப்பறையில் சிக்னல் இல்லை. வருகையை ஏற்ற வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்தபடி நின்றார். ஏறியது. திரும்பி வந்து சாக்பீஸை எடுத்தவுடன் குறுஞ்செய்தி. ஏதோ ஒரு பட்டியல், உடனடியாக வேண்டுமாம். மறுபடி மரத்தடி. முதல் ஒரு மணி நேரத்தில் பாடம் நடந்ததை என் கடிகாரத்தில் பார்த்தேன்: பதினெட்டு நிமிடம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது 2009-ல் எழுதிய அதே கல்வி உரிமைச் சட்டம். வெளியே அனுப்பாமலே, பாக்கெட்டுக்குள் வெளிவேலை வந்து உட்காரும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? விவரம் இல்லாமல் திட்டம் போட முடியாது என்பது நியாயம்தான். அந்த விவரத்தை, சாக்பீஸ் பிடித்த கைதான் ஏற்ற வேண்டுமா?

இதையெல்லாம் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. "டீச்சர் தங்கமானவங்க. ஆனா எத்தனை பேரைத்தான் பார்ப்பாங்க?" என்றார், மகளை மஞ்சள் வேனில் ஏற்றிவிட்டு வந்த அம்மா ஒருவர். நூறு நாள் வேலைக் கூலியில் வேனுக்குத் தனியாகக் காசு எடுத்து வைக்கிறார். ஒரு பிள்ளை வேனில் ஏற ஏற, பள்ளியின் தலைக்கணக்கு குறைகிறது. தலைக்கணக்கு குறையக் குறைய, மூன்றாவது ஆசிரியரைக் கேட்க வாய் வராமல் போகிறது.

ஆசிரியர் எண்ணிக்கையைத் தலைக்கணக்கில் பார்க்காமல் வகுப்புக் கணக்கில் பார்க்கலாம். முடியாவிட்டால், பதிவேற்றும் வேலைக்கு நாலைந்து பள்ளிக்கு ஓர் ஆளைப் போடலாம். இரண்டும் செலவுதான். ஆனால் சோறு போட்டு, புத்தகம், சீருடை, பை எல்லாம் கொடுத்த பிறகு, படிக்கத் தெரியாத பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய செலவு.

மூன்றரை மணி சுமாருக்கு அந்தப் பையனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார் டீச்சர். படம் இல்லாத அட்டை. "ப..." என்றான். "ட..." என்றான். மூன்றாவது எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான். அவர் வாயைத் திறக்கவில்லை, காத்திருந்தார். மேஜை மேலிருந்த போன் அதிர்ந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"கு" என்றான்.