தண்ணீர் ஏன் தண்ணீராக இருக்கிறது?

மாணவர்களே, உங்களுக்கு ஒரு புதிர்.

ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை நீங்கள் அறிவீர்கள். அழுகிய முட்டையின் நாற்றமுடைய அதை, வேதியியல் சோதனைச்சாலைக்குப் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் மூலக்கூறு எடை 34. தண்ணீரின் மூலக்கூறு எடையோ 18தான். இரண்டின் அமைப்பும் ஒன்றுபோலவே இருக்கிறது: நடுவில் ஓர் அணு, அதோடு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். ஆனால் கனமான ஹைட்ரஜன் சல்பைடு –60° செ. வெப்பநிலையிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. இலேசான தண்ணீர் கொதிக்க 100° செ. தேவைப்படுகிறது! இது ஏன்?

கொதித்தல் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். தண்ணீர் கொதிக்கும்போது அதன் மூலக்கூறு உடைவதில்லை. நீராவியிலும் இருப்பது அதே மூலக்கூறுதான். நெருங்கியிருந்த மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து போகின்றன, அவ்வளவே. ஆகவே மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் விசை எதுவோ, அதுவே கொதிநிலையை முடிவு செய்கிறது.

எல்லா மூலக்கூறுகளுக்கும் பொதுவான விசை

இத்தகைய கவர்ச்சி இருப்பதைக் கணக்கில் சேர்த்து வாயுக்களின் இயல்பை விளக்கியவர் ஹாலந்து நாட்டு வாண்டர் வால்ஸ். பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1873இல் லைடன் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வுரையை அளித்தார். 1910இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

மூலக்கூறிலுள்ள எலெக்ட்ரான்கள் ஓயாமல் இயங்குகின்றன. ஒரு கணம் அவை ஒரு பக்கம் சற்று அதிகமாக இருக்கலாம். அந்தக் கணத்தில் அப்பக்கம் எதிர் மின்சுமையும் மறுபக்கம் நேர் மின்சுமையும் தோன்றும். இது பக்கத்து மூலக்கூறின் எலெக்ட்ரான்களையும் இடம்பெயரச் செய்யும். உடனே இரண்டும் ஒன்றையொன்று இலேசாகக் கவர்கின்றன. 1930இல் ஃபிரிட்ஸ் லண்டன் இதை விளக்கினார்.

எலெக்ட்ரான்கள் மிகுந்தால் இக்கவர்ச்சியும் மிகும். ஒரு கார்பன் உள்ள மீத்தேன் –162° செ. வெப்பநிலையில் கொதிக்கிறது. மூன்று கார்பன் உள்ள புரொப்பேன் –42°இல். நான்கு உள்ள பியூட்டேன் ஏறத்தாழ 0°இல். இவ்விரண்டும்தான் சமையல் வாயு உருளையில் அழுத்தத்தால் திரவமாக அடைபட்டிருக்கின்றன. ஐந்து உள்ள பென்ட்டேன் 36°இல் கொதிக்கும் திரவம். கார்பன் சங்கிலி இருபதைத் தாண்டி நீண்டால் கிடைப்பது திண்மமான மெழுகு!

நம் புதிருக்கு விடை

இதே விதி தண்ணீருக்கும் செல்லுமா? ஹைட்ரஜன் டெல்லுரைடு –2°, ஹைட்ரஜன் செலினைடு –41°, ஹைட்ரஜன் சல்பைடு –60°. இந்த வரிசைப்படி தண்ணீர் ஏறத்தாழ –80°இல் கொதித்திருக்க வேண்டும். அப்படியானால் பூமியில் கடலில்லை, ஆறில்லை, நாமும் இல்லை.

நம்மைக் காத்தது வேறொரு விசை. ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன்பக்கம் வலுவாக இழுக்கும் அணு. ஆகையால் அது எதிர் மின்சுமையும், அதோடு சேர்ந்த ஹைட்ரஜன் நேர் மின்சுமையும் சிறிதளவு பெறுகின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக் கொள்கிறது. இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். இதன் வலிமை, மூலக்கூறினுள்ளே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்க்கும் பிணைப்பில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்குதான். ஆனால் ஒரு நீர் மூலக்கூறு நான்கு அண்டை மூலக்கூறுகளோடு இவ்வாறு கைகோக்க முடியும். கந்தகம் எலெக்ட்ரான்களை அவ்வளவு வலுவாக இழுப்பதில்லை. ஆதலால் ஹைட்ரஜன் சல்பைடில் இப்பிடிப்பு மிகவும் குறைவு.

இது மெய்தானா என்று சோதிக்க ஓர் அருமையான சான்று உண்டு. எத்தில் ஆல்கஹால், டைமெத்தில் ஈதர் இரண்டிலும் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். எடையும் ஒன்றே. ஆனால் ஆல்கஹாலில் ஒரு ஹைட்ரஜன் நேராக ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறது. ஈதரில் எல்லா ஹைட்ரஜன்களும் கார்பனோடு சேர்ந்துள்ளன. ஆல்கஹாலின் கொதிநிலை 78°. ஈதரின் கொதிநிலை –24°. ஒரே ஒரு ஹைட்ரஜன் இடம் மாறியதால் 102° வேறுபாடு!

கொதிநிலை மட்டுமா?

திரவத்தின் உள்ளேயுள்ள மூலக்கூறை எல்லாப் பக்கமும் அண்டை மூலக்கூறுகள் இழுக்கின்றன. மேற்பரப்பில் உள்ளதற்கு மேலே துணையில்லை. அது உள்நோக்கி இழுக்கப்படுகிறது. ஆகவே மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல நடந்து கொள்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. தண்ணீருக்கு இது சென்டிமீட்டருக்கு 72 டைன், ஆல்கஹாலுக்கு 22தான்.

ஒரு கிண்ணம் தண்ணீரில் மெல்லிய தாள் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் உலர்ந்த ஊசியை வையுங்கள். தாளை மெதுவாக அமிழ்த்திவிட்டால் ஊசி மிதக்கும். இப்போது ஒரு சொட்டு சோப்பு நீரை விடுங்கள். பரப்பு இழுவிசை குறைய, ஊசி மூழ்கிவிடும்.

பாகுநிலையும் இப்படியே. கிளிசரின் மூலக்கூறில், ஹைட்ரஜனோடு சேர்ந்த ஆக்சிஜன் மூன்று இடங்களில் உண்டு. மூலக்கூறுகள் பல இடங்களில் பிணைந்திருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று எளிதில் நழுவ முடிவதில்லை. 20° வெப்பநிலையில் அதன் பாகுநிலை தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு. சூடாக்கினால் மூலக்கூறுகளின் ஆட்டம் கூடிப் பிடிப்பு தளர்வதால், அது எளிதாக ஓடும்.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அசிட்டோனின் மூலக்கூறு எடை 58. தண்ணீரைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அதில் ஆக்சிஜனும் இருக்கிறது. ஆயினும் அது 56°இலேயே கொதித்துவிடுகிறது. ஏன்? அதன் ஹைட்ரஜன்கள் எந்த அணுவோடு சேர்ந்துள்ளன என்று உங்கள் பாடநூலில் பாருங்கள். விடை உங்களுக்கே கிடைத்துவிடும்.