பேர்ல் பேங்க்: எழுந்ததும் மறைந்ததும்

நம் அண்டை நாடாகிய சிங்கப்பூர் சிறிய தீவு. அங்கு நிலம் குறைவு, மக்களோ மிகுதி. ஆகவே வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்திக் கட்டுதல் இன்றியமையாததாயிற்று. அவ்வாறு எழுந்து, புகழ்பெற்று, பின்னர் மறைந்துபோன ஒரு கட்டடத்தின் வரலாற்றை இங்குக் காண்போம்.

சிங்கப்பூர் நகரின் நடுவே, சைனாடவுனை அடுத்துப் பேர்ல்ஸ் ஹில் என்னும் குன்று உள்ளது. நகரைப் புதுப்பிக்க விரும்பிய அரசு, நிலங்களை 99 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாருக்கு விற்றது. அவ்வாறு விற்கப்பட்ட நிலத்தில், கட்டடக் கலைஞர் டான் செங் சியோங் வகுத்த திட்டப்படி, 1976ஆம் ஆண்டில் பேர்ல் பேங்க் அடுக்குமாடி எழுந்தது. 38 மாடிகளும் 272 வீடுகளும் கொண்ட அதன் உயரம் 113 மீட்டர். அந்நாளில் சிங்கப்பூரின் மிக உயர்ந்த குடியிருப்பு அதுவே.

அதன் வடிவம் குதிரை லாடத்தை ஒத்தது. கூடமும் படுக்கையறைகளும் வெளிப்புறம் நோக்கி அமைந்தமையால், வீட்டில் இருந்தபடியே நகரைக் காண முடிந்தது. சமையலறைகள் உள்முற்றத்தை நோக்கின. லாடத்தின் திறந்த வாய் வழியே அம்முற்றத்துக்குக் காற்றும் வெளிச்சமும் வந்தன.

ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய்கள் பழுதுற்றன. பராமரிப்புச் செலவு பெருகியது. குத்தகைக் காலமும் குறைந்துகொண்டே வந்தது. சிலர் கட்டடத்தை விற்க விரும்பினர். வேறு சிலர் அதனை நாட்டின் மரபுச் சின்னமாகக் காக்க வேண்டும் என்றனர். காப்பதற்கான விண்ணப்பத்திற்கு உரிமையாளர் அனைவரின் இசைவும் வேண்டியிருந்தது. மிகப் பலர் இசைந்தும் அனைவரும் இசையவில்லை. விற்பதற்கோ நூற்றுக்கு எண்பது பங்கு இசைவே போதுமானது. இங்கேதான் அக்கட்டடத்தின் விதி முடிவாயிற்று எனலாம்.

2018ஆம் ஆண்டில் கேப்பிட்டலேண்ட் நிறுவனம் அதனை 72 கோடியே 80 லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கியது. 2019ஆம் ஆண்டில் இடிப்புப் பணி தொடங்கி, மறு ஆண்டில் முடிந்தது. இன்று அவ்விடத்தில் 39 மாடிகள் கொண்ட இரு கோபுரங்களில் 774 வீடுகள் உள்ளன.

நிலத்தின் அருமை கருதியே பேர்ல் பேங்க் எழுப்பப்பட்டது. அதே நிலத்தின் அருமையே அதனை வீழ்த்தவும் செய்தது. மக்களுக்கு வீடு வேண்டும். நகருக்கு நினைவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பேணுதல் எளிதன்று. மாணவர்களே, நம் ஊரிலுள்ள பழைய கட்டடங்களை உற்று நோக்குங்கள். அவற்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதி வையுங்கள். கட்டடம் நிற்கும்போதே அதனைச் செய்தல் நன்று.