கொட்டமுத்து எண்ணெயும் காலைக்கடனும்

சேலம், நாமக்கல் பக்கம் கடலைக்காட்டில் ஊடுபயிராக நிற்கும் ஆமணக்கைக் கொட்டமுத்து என்பார்கள். இந்தப் பயிருக்கும் மரவள்ளிக்கும் சேர்த்தே ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதப்பதை வழித்தெடுத்தால் விளக்கெண்ணெய். மலம் கட்டிக்கொண்டால் வீட்டுப் பெரியவர்கள் தேடிய மருந்து இதுதான்.

இதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். சிறுகுடலில் செரிமான நொதி இதைப் பிரித்துவிட்டதும், குடல் தசையிலுள்ள இ.பி.3 என்ற ஏற்பிகளைத் தூண்டித் தசையைச் சுருங்கவைக்கிறது. 2012இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இதைக் கண்டறிந்தார்கள். குடித்த 2 முதல் 6 மணி நேரத்துக்குள் வயிறு போய்விடும்.

அதே ஏற்பிகள் கருப்பையிலும் உண்டு. ஆகவே கர்ப்பிணிகள் இதைக் குடிக்கவே கூடாது. குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். முத்தில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதால் அதை மென்று தின்பது உயிருக்கே ஆபத்து. எண்ணெயும் என்றைக்காவது ஒருநாளைக்குத்தான். அடிக்கடி குடித்தால் உடலின் நீரும் உப்புகளும் வற்றும்.

அன்றாடம் சிரமமில்லாமல் போக வழி சாப்பாட்டில் இருக்கிறது. மலத்துக்குப் பருமனும் ஈரமும் தருவது நார்ச்சத்து. நம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளியை அரைத்துப் பாலை வடித்த பிறகு மிஞ்சும் திப்பியில்தான் நார் இருக்கிறது. அது மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. ஜவ்வரிசியில் மிஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்து. ஆகவே கேழ்வரகுக் களி, தவிடு நீக்காத சாமை, கீரை, அவரை, கொய்யா ஆகியவை தட்டில் இருக்கட்டும். கூடவே தண்ணீரும் போதிய அளவு வேண்டும். நார் ஊறினால்தான் மலம் இளகும்.

அடுத்தது நேரம். காலையில் வயிற்றுக்குள் உணவு இறங்கியதும் பெருங்குடல் தானே அசையத் தொடங்கும். அப்போது வரும் உந்துதலைப் பேருந்துக்கும் பள்ளிக்கும் நேரமாயிற்றென்று அடக்கினால், மலத்தின் ஈரத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், மலம் இறுகும்.

மூன்றாவது உட்காரும் முறை. மலக்குடலை ஒரு தசை வளைத்துப் பிடித்திருக்கிறது. குந்தினால் அந்தப் பிடி தளர்ந்து வழி நேராகும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் 28 பேரை இரு முறையிலும் ஒப்பிட்டபோது, மலம் கழிக்கக் குந்தும்போது சராசரியாக 51 விநாடியும், மேற்கத்தியக் கழிப்பறையில் உட்காரும்போது 130 விநாடியும் ஆயின. முழங்கால் வலியால் குந்த முடியாதவர்கள் காலடியில் சிறு முக்காலி போட்டு, சற்று முன்சாய்ந்தால் போதும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, திடீரென மாறிய மலப்பழக்கம் இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். கூச்சப்படாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தினம் தினம் மருத்துவர்கள் கேட்டுப் பழகிய விஷயம் இது.