ஊசிக்குத் தசை தரும் பதில்

பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் மாலை வேளையில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பவர்களுக்கு இடுப்பு வலி என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து நாள்தோறும் வந்து போகும் மென்பொருள் ஊழியர், அல்சூரில் கடை நடத்துபவர், கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் வங்கிப் பணியாளர்களாகிய நாம் என அனைவரும் ஒரே மருந்துக் கடையில்தான் நிற்கிறோம். மாத்திரையில் சலித்தவர்கள் அக்குபஞ்சர் பக்கம் திரும்புகிறார்கள். பத்து அமர்வுகளுக்கான கட்டணத்தை முன்னதாகவே செலுத்தச் சொல்லும் இடங்களும் உண்டு. 'என் மாமியாருக்கு மூன்றே நாளில் சரியாயிற்று' என்பார் ஒருவர். 'எல்லாம் மனப்பிரமை' என்பார் மற்றொருவர். வணிகவியல் படித்த நமக்கு இவ்விரண்டுமே வவுச்சர் இல்லாத செலவுக் கணக்குகளாகத் தோன்றுகின்றன. ஊசி குத்தும்போது தசை ஏதேனும் பதில் தருகிறதா என்பதை அளந்து பார்க்க இயலுமா என்று தேடினோம். இயலும். ஆனால் அந்த அளவை எப்படிப் படிப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

அளக்கும் முறை புதியதன்று. ஓசூர் சாலையில் நாம் பேருந்தில் கடந்து செல்லும் நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனைகளில் நரம்பு, தசை நோய்களைக் கண்டறிய அன்றாடம் செய்யப்படும் இ.எம்.ஜி. பரிசோதனைதான் அது. தசை சுருங்கும்போது அதன் இழைகளில் மிகச் சிறிய மின்சாரம் எழுகிறது. தோலின்மேல் ஒட்டிய வில்லைகள் வழியாகவோ, தசைக்குள் செலுத்திய மெல்லிய ஊசி வழியாகவோ அதைப் பதிவு செய்கிறார்கள். நன்றாக முறுக்கிய தசையிலும் தோலின்மேல் கிடைப்பது சில மில்லிவோல்ட்தான். சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தசையின் மின்னலைகள் பெரும்பாலும் வினாடிக்கு 20 முதல் 500 அதிர்வுகளுக்குள் அடங்குகின்றன. நம் வீட்டு மின்சாரமோ வினாடிக்கு 50 அதிர்வு. மின்விசிறியும் குழல்விளக்கும் எழுப்பும் இரைச்சல் சரியாகத் தசையின் குரலுக்கு நடுவே வந்து அமர்ந்துகொள்கிறது. கவனமின்றி எடுத்த பதிவில் நோயாளியின் தசையைவிட அறையின் மின்கம்பிகளே அதிகம் பேசும்.

அக்குபஞ்சர் ஊசியும் ஏறத்தாழ இ.எம்.ஜி. ஊசியைப் போன்றதே. மருந்தும் இல்லை, துளையும் இல்லை. ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமன். ஒன்று தசையின் பேச்சைக் கேட்கச் செல்கிறது, மற்றது தசையுடன் பேசச் செல்கிறது. எந்த ஊசி தசைக்குள் நுழைந்தாலும் அந்தக் கணத்தில் ஒரு சிறு மின்சலசலப்பு எழுந்து, வினாடியில் ஒரு சிறு பகுதிக்குள் அடங்கிவிடும். ஆரோக்கியமான தசையிலும் இது உண்டு. ஆகவே, 'ஊசி குத்தியவுடன் மீட்டரில் முள் ஆடியது பாருங்கள்' என்று ஒருவர் காட்டினால், ஊசி தசைக்குள் சென்றது என்பதற்கு மட்டுமே அது சான்று.

ஊசியைத் திருகும்போது தசை அதைப் பற்றிக்கொள்வதாக அக்குபஞ்சர் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கூறி வந்தனர். தூண்டிலை மீன் கவ்வுவதைப் போன்றது என்பது அவர்கள் சொல்லும் உவமை. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் லாஞ்செவின் குழுவினர் இதை அளந்து 2001ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஆரோக்கியமான 60 பேருக்குக் கணினி இயக்கும் கருவியால் ஊசி செலுத்தி, அதை வெளியே இழுக்க எவ்வளவு விசை தேவை என்று பார்த்தார்கள். ஊசியை ஒரே திசையில் திருகியபோது, திருகாத ஊசியைவிட 167 விழுக்காடு அதிக விசை தேவைப்பட்டது. இருபுறமும் மாற்றி மாற்றித் திருகியபோது 52 விழுக்காடு. மரபு குறிப்பிடும் அக்குபஞ்சர் புள்ளிகளில், அருகிலிருந்த வேறு இடங்களைவிட 18 விழுக்காடு அதிகம். பற்றுதல் என்பது கற்பனையன்று. அக்குபஞ்சர் புள்ளிக்கு மட்டுமே உரியதும் அன்று. தசை சுருங்குவதைவிட, தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள இணைப்புத் திசு நூற்கண்டு போல ஊசியைச் சுற்றிக்கொள்வதே இதற்குக் காரணம் என்பது அக்குழுவின் விளக்கம். முள்கரண்டியில் சேமியா சுற்றிக்கொள்வதை நினைத்துக்கொண்டால் போதும்.

இடுப்பு வலிக்கு இதைவிட நேரடியான அளவுகோல் ஒன்று உண்டு. நமக்கு மிகவும் பிடித்தது அதுவே. நலமுள்ள ஒருவர் நின்றபடி மெதுவாக முன்னால் குனிந்தால், முதுகெலும்பை ஒட்டிய தசைகள் முதலில் உழைக்கும். முழுவதும் குனிந்ததும் அவை திடீரென்று மின் அமைதி அடைந்துவிடும். உடலின் எடையைத் தசைநார்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஃபிளாய்டு, சில்வர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1950களில் இங்கிலாந்தில் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். நெடுநாள் இடுப்பு வலி உடையவர்கள் பலரிடம் இந்த அமைதி காணப்படுவதில்லை. குனிந்த பிறகும் தசை காவலைக் கைவிடாமல் முறுக்கியே நிற்கும். சிகிச்சைக்கு முன்பும் சில வாரங்களுக்குப் பின்பும் இதைப் பதிவு செய்து ஒப்பிட்டால் பொருளுள்ள ஏதேனும் தெரியவரும். ஒருவரின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடுவது மட்டும் கூடாது. தோலடிக் கொழுப்பு, வில்லை ஒட்டிய இடம், வியர்வை எல்லாமே அளவை மாற்றும். விலைவாசிக் குறியீட்டெண்ணுக்கு அடிப்படை ஆண்டு இருப்பது போல, அவரவரது முழு முயற்சிச் சுருக்கத்தை நூறாகக் கொண்டே கணக்கிட வேண்டும்.

தசை மாறினால் வலி தீருமா? இதற்குப் பெரிய அளவில் விடை தேடியது ஜெர்மனி; அதிலும் மருத்துவக் காப்பீட்டு நிதியங்கள் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்ததால்தான். நெடுநாள் இடுப்பு வலியுள்ள 1,162 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களுக்குப் பின் முறையான அக்குபஞ்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். வேண்டுமென்றே தவறான இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காடு. மருந்தும் உடற்பயிற்சியும் சேர்ந்த வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காடு. புள்ளி சரியாக இருந்ததா என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. ஊசி குத்தப்பட்டதா என்பது தந்தது. ஊசியின் வேலை எவ்வளவு, அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருந்ததன் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கு இந்த எண்கள் உதவவில்லை. ஜெர்மனி இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் காப்பீடு வழங்கத் தீர்மானித்தது. அதை அறிவியல் தீர்ப்பு என்பதைவிட நல்ல வணிக முடிவு என்றே நாம் கருதுகிறோம்.

ஊசிகளில் சிறு மின்சாரம் செலுத்தும் முறையில் தசை துடிப்பது கண்ணுக்கே தெரியும். அது கருவி ஏற்படுத்தும் துடிப்பு. உடல் தானாக அளிக்கும் பதிலன்று. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இம்முறையைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோள், மேல்முதுகுப் பகுதியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் உறையில் துளை விழும் ஆபத்து அரிதாயினும் உண்டு. ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக, நம் கண்ணெதிரே உறை பிரிக்கப்பட்டதாக இருக்கட்டும். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போதலோ சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமையோ சேர்ந்தால், ஊசியும் வேண்டாம், கட்டுரையும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

1938இல் கோட்னிசுடன் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பி.கே. பாசு, 1950களின் இறுதியில் இக்கலையைக் கற்று வந்து கல்கத்தாவில் தொடங்கினார். இன்று இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பில் இது ஒரு பாடம். மகாராஷ்டிரம் 2015இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மத்திய அரசு 2019இல் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்றது. ஆயினும் 'ஆயுஷ்' என்னும் சொல்லில் அடங்கும் ஆயுர்வேதம், யோகா மற்றும் இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, ஹோமியோபதி ஆகியவற்றில் அக்குபஞ்சருக்கு எழுத்து இல்லை.

காப்பீட்டு ஆவணத்தில் 'ஆயுஷ் சிகிச்சை உண்டு' என்ற வரியைக் கண்டு மகிழ்ந்து பத்து அமர்வுகளுக்குப் பணம் கட்டிவிட வேண்டாம். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் 24 மணி நேரம் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தரும். அக்குபஞ்சரோ, அரை மணியில் எழுந்து வீட்டுக்குப் போகும் சிகிச்சை. உங்கள் ஆவணத்தில் 'வெளிநோயாளர்' என்ற தலைப்பு உள்ள பக்கத்தையும், விலக்குகள் பட்டியலையும் முதலில் படியுங்கள். புரியாவிட்டால் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள். கவுண்டரில் அமர்ந்திருப்பவருக்கும் இடுப்பு வலி இருக்கக்கூடும், ஆகையால் சற்று அக்கறையுடனேயே பார்த்துச் சொல்வார்.