கல்யாண போட்டோகிராபருக்கு ஹார்ட் டிஸ்க்தான் மூலதனம்

கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பதைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். "வீட்டில் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கும்பகோணம் பக்கம் 25 ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். பாதி வேலை மண்டபத்தில் என்றால், மீதி வேலை கம்ப்யூட்டர் முன்னால்தான்.

பிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படங்கள். எண்ணி எண்ணி எடுத்தோம். இன்று வரவேற்பு, முகூர்த்தம் இரண்டும் சேர்த்து 3,000 படங்கள் சாதாரணம். சென்சார் பதிவு செய்ததைச் சிதைக்காமல் வைத்திருக்கும் ரா பைலாக எடுத்தால், 24 மெகா பிக்ஸெல் கேமராவில் ஒரு படம் ஏறத்தாழ 25 எம்பி. ஆக, ஒரு கல்யாணத்துக்கு 75 ஜிபி! பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் விநாடிக்கு 30 எம்பி கிடைப்பதே பெரிது. 40 நிமிடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். யுஎஸ்பி 3.0 கார்ட் ரீடர் வாங்கிக் கொள்ளுங்கள்.

படம் போய்விட்டது என்று இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியாது. எனவே இரண்டு கார்டுகளிலும் ஒரே நேரத்தில் பதியும் கேமராவையே பயன்படுத்துகிறேன். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு காப்பி. கட் செய்து பேஸ்ட் செய்திட வேண்டாம். காப்பி மட்டும் செய்திடுங்கள். பின்னர் இரு போல்டர்களிலும் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் பைல்களின் எண்ணிக்கை ஒன்றாக உள்ளதா எனப் பாருங்கள். அதுவரை கார்டை பார்மட் செய்திடக் கூடாது. ஒரே டிஸ்க்கின் சி, டி டிரைவ்களில் வைத்துவிட்டு "பேக் அப் இருக்கிறது" என்பவர்கள் உண்டு. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். தவறி அழிந்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதுவும் எடுக்காதீர்கள். போட்டோரெக் போன்ற இலவச புரோகிராம்கள் பெரும்பாலும் மீட்டுத் தரும்.

போல்டர் பெயரை 2025-02-10 என ஆண்டு, மாதம், தேதி வரிசையில் தொடங்குங்கள், தானாகவே வரிசைப்படும். உதவியாளரின் கேமரா கடிகாரத்தையும் உங்களுடையதோடு சரி செய்திடுங்கள். ஐந்து நிமிடம் வித்தியாசம் இருந்தால், கம்ப்யூட்டரில் அட்சதை விழுந்த பிறகுதான் தாலி கட்டுவார்கள்!

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, வாடிக்கையாளர் வீட்டிலிருந்து போன். பெண்ணின் அப்பா காலமாகிவிட்டார். மாட்டி வைக்க நல்ல படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத் தேதியை மட்டும் கேட்டேன். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது அவர் நிமிர்ந்து பார்த்த படம் ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது. அதன் பின் அந்தக் குடும்பத்தில் மூன்று கல்யாணங்கள். மூன்றுக்கும் என்னைத்தான் அழைத்தனர். விளம்பரத்துக்குச் செலவழித்து இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க முடியாது.

வருமானத்தைப் பொறுத்தவரை, ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் இல்லை. தை, ஆவணியில் வருவதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். ஆடியில் ஆல்பம் வடிவமைக்கப் பழகலாம். 12க்கு 36 அங்குல விரிப்பை அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் அமைத்தால் 10,800க்கு 3,600 பிக்ஸெல். அதே மாதத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக இணைத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுவேன். ஐந்து ஆண்டுகளைத் தாண்டியதில் உள்ளவற்றைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றிவிடுவேன்.